எட்டாம் படிப் புளியங்கொட்டை

மலர்கொடிக்குக் கோபம் வந்தால் முதலில் நடைதான் மாறும். அன்றைக்கு மரக்காணம் கல்யாண மண்டபத்திலிருந்து காலனி வரைக்கும் அவள் நடந்துபோன வேகத்தைப் பார்த்தவர்கள், யாரோ செத்துப்போன சேதி கொண்டுபோகிறாள் என்றே நினைத்தார்கள். யாரும் சாகவில்லை. பட்டியலில் காலனி பெயர் இல்லை, அவ்வளவுதான்.

போன டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போனதிலிருந்து இந்தப் பக்கத்தில் பட்டியல் போடாத ஆள் கிடையாது. படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று. பாத்தியெல்லாம் சேறு ஏறி மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்த உப்பளத்துப் பெண்களை மட்டும் எந்தப் பட்டியலும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில்தான் ஒரு தொண்டு நிறுவனம் வந்து, உப்பளத்து ஓரமாக நிழல் கொட்டகை, குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்கு ஒரு கக்கூஸ் என்று சொன்னது. மூன்று இடத்துக்குத்தான் பணம் இருக்கிறதாம். எங்கே ஏற்றத்தாழ்வு அதிகமோ அங்கே முதலில் கட்டுவார்களாம்.

அந்தக் கக்கூஸும் குழாயும் மலர்கொடிக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று காலனிக்கே தெரியும். இரண்டு வருஷமாக அவளுக்கு நீர்க்கடுப்பு. தண்ணீர் நிறையக் குடி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கே குடிப்பது? உப்பளத்தில் ஒரே ஒரு டிரம், அதற்குக் காவல் மேஸ்திரி பஞ்சநாதன். காலனிக்காரிகள் கையைக் குவித்துக்கொண்டு குனிவார்கள். அவர் சொம்பை ஒரு முழம் உயரத்தில் பிடித்து ஊற்றுவார். பாதி முழங்கை வழியே ஓடிவிடும். பக்கத்திலேயே டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும், அது ஊர்க்காரர்களுக்கு. கேட்டால், தீண்டாமையா, சேச்சே, பழக்கம் என்பார். குடித்ததை இறக்குவதற்கோ கண்ணுக்கெட்டிய தூரம் மறைவில்லை. அதனால் பெண்கள் பாதிப் பேர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

ஏற்றத்தாழ்வை அளந்து வரச்சொல்லி அந்த நிறுவனம் அரவிந்தன் என்ற பையனை ஏப்ரலில் அனுப்பியது. சமூகவியலில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறவன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று தெரிந்ததுமே காலனியில் அவனுக்கு மவுசு குறைந்துபோயிற்று. மத்தியான வெயிலில், குடையோடு பஞ்சநாதன் பக்கத்திலேயே நிற்க, உப்பள வரப்பில் குந்தி ஒவ்வொருத்தியாகக் கேள்வி கேட்டான். கடைசியாக ஒரு படம். பத்துப் படி வைத்த ஏணி.

"இதுதான் நம்ம சமூகம்னு வெச்சுக்குங்க அக்கா. நீங்க எந்தப் படியில நிக்கிறதா நினைக்கிறீங்க? இந்தப் புளியங்கொட்டைய அங்க வைங்க."

மேல்படியில் வசதியானவர்கள், அடிப்படியில் ஒன்றுமில்லாதவர்கள் என்று இன்னொரு வரியும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து வேறு ஊர்களில் சொல்லிச் சொல்லி வாய் வறண்டு போனவன், அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டான்.

மலர்கொடி படத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஏணி ஒன்றுதான். ஆண்கள் பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்து, பலகைமேல் ஏறி, மலைபோலக் குவிக்கிற அம்பாரம். அதன் உச்சியில் நிற்பவள் தலையில்தான் பாரம் இருக்கும். முதலாளி தேசப்பன் என்றைக்கும் அடியில்தான் நிற்பார், வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி சகிதம். மலர்கொடி புளியங்கொட்டையை எட்டாம் படியில் வைத்தாள். அம்பாரம் இன்னும் முடியவில்லையே என்று இரண்டு படியை விட்டுவைத்தாள். அவ்வளவு நேர்மை. அவளுக்குப் பின்னால் வந்த முப்பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்து அங்கேயே வைத்தார்கள். அரவிந்தன் முகத்தில் ஆச்சரியம். பஞ்சநாதன் முகத்தில் பல்.

ஜூனில் மண்டபத்தில் கூட்டம் போட்டு முடிவு சொன்னார்கள். மேடையில் தேசப்பனுக்கு நடுநாற்காலி. அரவிந்தன் சுவரில் வண்ணப் படம் காட்டினான்.

"உப்பளப் பெண்கள் தங்களை எட்டாம் படியில் வைக்கிறார்கள். இது வியப்பில்லை. கீழே இருப்பவர்கள் தங்களைப் பக்கத்து வீட்டு ஏழையோடுதான் ஒப்பிடுவார்கள். மேலே பார்க்கமாட்டார்கள். அதனால் ஏற்றத்தாழ்வு அவர்களுக்கு உறைப்பதில்லை."

தேசப்பன் தலையாட்டினார். தனக்கு உறைக்காதது அவர்களுக்கும் உறைக்கவில்லை என்பதில் அவருக்கு எவ்வளவு நிம்மதி! காலனிக்கு மதிப்பெண் குறைவு, கொட்டகை வேறு ஊர்களுக்கு.

மலர்கொடி எழுந்தாள்.

"சார், எட்டுன்னா நல்லா இருக்கோம்னு அர்த்தம்னு நீ சொல்லவே இல்ல. நாங்க அம்பாரம்னு நெனச்சு வெச்சோம். மேல நிக்கிறவதான் சொமக்கிறவ. ஏணி வரஞ்சே, கூடைய வரையலையே!"

சபையில் சிரிப்பு. அரவிந்தன் காது சிவந்தது. "அக்கா, பதிலை இப்ப மாத்த முடியாது. முடிவு தெரிஞ்சப்புறம் மாத்தினா மொத்த ஆய்வும் கெட்டுடும்."

"நாங்க கெட்டா பரவால்லியா?"

"உக்காரு மலரு," என்றார் பஞ்சநாதன், ஏதோ தன் வீட்டுக் கூடத்தில் பேசுகிற மாதிரி. "ராணியாட்டம் எட்டாம் படியில உக்கார வெச்சிருக்காங்க, அப்புறம் இன்னா?"

அந்தச் சிரிப்பைத்தான் அவள் காலனி வரைக்கும் சுமந்துகொண்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் உப்பளத்தில் நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். நடந்தது இதுதான். மலர்கொடி முதல் கூடையைச் சுமந்து வந்தாள். அம்பாரத்தின் அடியில், பலகைக்கு முன்னால் கவிழ்த்தாள். திரும்பிப் போனாள். பின்னால் வந்த திரௌபதியும் அங்கேயே கவிழ்த்தாள். ஒன்பது மணிக்குள் அம்பாரத்தைச் சுற்றி உப்பு முழங்கால் உயரத்துக்குப் பாய் விரித்த மாதிரி பரந்துவிட்டது.

"ஏ, இன்னா இது? மேல ஏறுங்கடி!"

"ஏற மாட்டோம் மேஸ்திரி," என்றாள் திரௌபதி. "மேல ஏறினா நாங்க பணக்காரங்க ஆயிடுறோமாம். படிச்சவங்க கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்க. எங்களுக்கு எதுக்கு அந்த வசதி?"

பஞ்சநாதன் மேற்கே பார்த்தார். வானூர்ப் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு நின்றது. அம்பாரமாகக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடினால் உப்பு பிழைக்கும். தரையில் பரந்து கிடந்தால் ஒரு மழைக்கே கரைந்து ஓடிவிடும். வேறு ஆள் பிடித்து வருவதற்குள் மழையே வந்துவிடும். அவர் போன் போட்ட அரைமணியில் தேசப்பனின் கார் வரப்போரம் வந்து நின்றது.

"இன்னாம்மா வேணும் உங்களுக்கு? கூலியா?"

"கூலி இல்லீங்க," என்றாள் மலர்கொடி. "நாங்க எந்தப் படியில இருக்கோம்னு நீங்க எழுதிக் குடுங்க. டிரம்முத் தண்ணி எப்படி ஊத்துறாங்க, ஒதுங்க எடம் இருக்குதா இல்லியா, அல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு அந்த ஆபீசுக்கு அனுப்புங்க."

"என் அளத்துல வேலை செய்றவங்க கேவலமா இருக்காங்கன்னு நானே எழுதணுமா?"

"நேத்து மேடையில தலையாட்டினீங்களே, அது மட்டும் உங்க தலைதானே?"

மேற்கே இடி உருண்டது. தேசப்பன் மேகத்தைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், கார் பானெட்டின்மேல் தாளை வைத்து எழுதினார். செந்தமிழில் அரைப்பக்கம்! "என் தொழிலாளர்கள் சமூகத்தின் கடைசிப் படியில் வாழ்கிறார்கள் என்பதை வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று முடித்தார். பத்தாவது வரை படித்த திரௌபதியின் மருமகள் அதை உரக்கப் படித்துக் காட்டியபிறகுதான் கூடைகள் மேலே ஏறின.

நான்காம் நாள் அரவிந்தன் உப்பளத்துக்கே வந்தான், முகமெல்லாம் சந்தோஷம்.

"அக்கா, உங்க காலனிதான் இப்ப மொத இடம். அடுத்த மாசம் கொட்டகை வேலை ஆரம்பிச்சுடும். முதலாளி லெட்டரைப் பார்த்ததும் ஆபீஸ்ல உடனே ஒத்துக்கிட்டாங்க. இந்தப் படிவத்துல மட்டும் மறுபடி ஒரு தடவை கொட்டைய வெச்சு..."

கொட்டகை என்றதும் மலர்கொடிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். காலனியே அப்படித்தான் எதிர்பார்த்தது. வந்தது வேறு.

"நான் மாத்தினா கெட்டுப்போற ஆய்வு, அவரு மாத்தினா கெட்டுப்போவலியா?"

"அது... அவரு ஒரு பொறுப்பான ஆளு. அவர் சாட்சின்னா..."

"நாப்பது பொம்பளைங்க வாயால சொன்னது சாட்சி இல்ல. எங்களை ஏய்ச்சவன் கையால எழுதினது சாட்சி. ஏன் சார், இதை உன் பொஸ்தகத்துல இன்னான்னு போட்டிருக்குது?"

அரவிந்தன் எச்சில் விழுங்கினான். அதைப் பார்த்த பஞ்சநாதன், படித்த பிள்ளைக்குத் தாகம் என்று, கவிழ்த்த டம்ளரை நிமிர்த்தி டிரம்மில் மொண்டு ஓடிவந்து நீட்டினார். அரவிந்தன் பாதி குடித்தான்.

மலர்கொடி கையை நீட்டி அவனிடமிருந்து டம்ளரை வாங்கினாள். அவனும் கொடுத்துவிட்டான், யோசிக்காமல். அவள் உதட்டில் வைத்து, அவசரமில்லாமல், மிச்சத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். வரப்பில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவள் டம்ளரைப் பஞ்சநாதனிடம் நீட்டினாள்.

"இந்தா மேஸ்திரி. புடி."

பஞ்சநாதனின் கை எழவில்லை. இடுப்போடு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. மலர்கொடி நீட்டிய கையை இறக்கவும் இல்லை.

"பாத்துக்க சார்," என்றாள், கண்ணை மேஸ்திரிமேலிருந்து எடுக்காமல். "ஏணியும் வேணாம், கொட்டையும் வேணாம். அந்தக் கை எவ்ளோ நேரம் அப்படியே இருக்குதுன்னு பாத்து எழுது."

அரவிந்தன் பேனாவின் மூடியைத் திறந்தான். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். டம்ளர் இருவருக்கும் நடுவில் அப்படியே நின்றது.