வெள்ள நிவாரணமும் பல் டாக்டரும்

ஐந்து நாள் நின்ற தண்ணீர் வடிந்தபோது இரண்டு ஏக்கர் தக்காளியில் மிஞ்சியது வெறும் குச்சிகள்தான். பயிரிட்டவள் குத்தகைக்காரி. நிலமோ டவுனில் இருக்கும் பல் டாக்டர் பெயரில். குத்தகை வெறும் வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் கிடையாது. ஆகவே வெள்ள நிவாரணக் கணக்குப்படி விவசாயி டாக்டர்தான்.

நில உரிமையாளர் சேதமான பயிருக்கு நடுவே நிற்கும் படம் வேண்டும் என்பது விதி. டாக்டர் வெள்ளை ஷூவோடு காரில் வந்து இறங்கினார். நிலத்தை வாங்கிய பிறகு அதில் கால் வைப்பது அன்றுதான். நாலாவது அடியிலேயே ஒரு ஷூவைச் சேறு பிடுங்கிக்கொண்டது. குத்தகைக்காரிதான் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"என்ன பயிர் சார்?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டார் வேளாண் அதிகாரி.

டாக்டர் குச்சிகளைப் பார்த்தார். "கத்தரி..."

"தக்காளி," என்றாள் குத்தகைக்காரி.

"தக்காளி," என்றார் டாக்டர். அதிகாரி பதிந்துகொண்டார்.

படம் எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கேமராவைக் கண்டால் டாக்டருக்குப் பல் தெரியச் சிரித்தே பழக்கம். "கொஞ்சம் நொந்த மாதிரி நில்லுங்க சார்," என்று அதிகாரி மூன்று தடவை கெஞ்சினார். வரப்பில் குத்தகைக்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, உங்க நிழல் விழுது. அந்தப் பக்கம் போங்க," என்றார் அதிகாரி அவளிடம்.

ஒன்றரை மாதத்தில் பணம் டாக்டருக்கு வந்து சேர்ந்தது. 'அன்பார்ந்த விவசாயியே' என்று தொடங்கிய குறுஞ்செய்தியை, வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளிகளிடமெல்லாம் காட்டினார்.

குத்தகைக்காரி கிளினிக்குக்கு வந்தாள். "இந்த வருசக் குத்தகையையாவது விட்டுக் குடுங்க டாக்டர்."

"நஷ்டம் எனக்கும்தானேம்மா," என்றார். அப்புறம் மனம் இளகி, "உன் குடும்பத்துல யாருக்குப் பல் வலிச்சாலும் கூட்டிட்டு வா. காசே வேணாம்," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை கிளினிக் வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. மாமியார், நாத்தனார், மூன்று கொழுந்தன்மார், சித்தப்பா, சித்தப்பாவின் சம்பந்தி என்று பதினேழு பேர் இறங்கினார்கள்.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"குடும்பம்தான் டாக்டர். சொத்தைப் பல்லு இருக்கறவங்களை மட்டும்தான் கூட்டிட்டு வந்தேன்."

ஒன்பதாவது ஆளின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதும் டாக்டருக்குக் கை ஓய்ந்துவிட்டது. வெளியே வந்து, "சரிம்மா, இந்த வருசம் குத்தகை வேணாம்," என்றார்.

"நல்லதுங்க. பயிர் வைக்கறது நான்தான்னு எழுதியும் குடுத்துடுங்க."

டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். எட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதில் ஓர் எழுத்துகூட அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து மருந்துக் கடையில் நீட்டினாள். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: "ரெண்டு ஏக்கர். குத்தகைக்குப் பயிர் வைக்கறது இவங்க." தலையை நிமிர்த்தி, "இதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லையேம்மா," என்றார்.

"ரெண்டு ஜெராக்ஸ் மட்டும் போட்டுக் குடுங்க," என்றாள்.