பனிமேட்டில் ஏறிய மாவு வண்டி

மூன்று நாளாகக் கொட்டிய பனி நின்றபோது, அமெரிக்க விடுதலைப் படை குளிர்காலத்துக்கு முகாமிட்டிருந்த ஜாக்கி ஹாலோ மலையில் குடிசைகளின் கூரைகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அங்கிருந்த கனெக்டிகட் மாகாணப் படைக்காரர்கள் ரொட்டியைக் கண்ணால் பார்த்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒருவன் பூட்ஸ் தோலை வேகவைத்துத் தின்றான். அவர்கள் விரட்டக் கிளம்பிய இங்கிலாந்து ராஜாவின் பட்டாளமோ நியூயார்க்கில் கணப்படுப்பு ஓரம் குளிர்காய்ந்துகொண்டிருந்தது.

சார்ஜென்ட் பினியஸ் டட்டில் குடிசைக்குள் நுழைந்தபோது, படைவீரன் ஜேபஸ் கிரேன் ஊருக்கு ஓடிப்போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், தோளில் மூட்டையோடு.

"சுடணும்னா இப்பவே சுட்டுடுங்க சார்ஜென்ட்," என்றான் ஜேபஸ். "பட்டினியில சாகறதுக்கு அது எவ்வளவோ மேல்."

முறைப்படி அவனைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். பினியஸுக்கு அதற்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

அப்போதுதான் ஜேபஸின் மனைவி கெஸையா மூச்சிரைக்க வந்தாள். படையோடு கூடவே இருந்து துணி துவைப்பவள். பாவாடை இடுப்புவரை பனியில் விறைத்திருந்தது.

"கீழ மில்லுகிட்ட மாவு வந்து நிக்குது. சறுக்குவண்டி நிறைய பீப்பா. எருதுங்க பனியில படுத்துடுச்சு, வண்டிக்காரன் ஓடிட்டான்."

பினியஸ் ஜேபஸைப் பார்த்தார். "உங்க ஊருக்குப் போற வழிதானே மில்லு. போறதுதான் போறீங்க, அந்த வண்டிய மேல ஏத்திக் குடுத்துட்டுப் போங்கடா."

"எங்கள எருதாக்கப் பாக்கறீங்களா?"

"எருது நின்னு இப்படிப் பேசாது," என்றாள் கெஸையா. "நட."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தக் குடிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மில்லுக்கு இறங்கியதும், பூட்ஸ் இருந்தவர்கள் வண்டியை இழுக்க முன்னால் நின்றார்கள். இல்லாதவர்கள் கம்பளியைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். பினியஸ் வண்டிக் கயிற்றைத் தன் மார்பில் கட்டிக்கொண்டார். மில் ஓடை தாண்டி மேடு தொடங்கியதும் வண்டி கனத்தது. பாதி மேட்டில் கயிறு அறுந்தது. வண்டி பின்னோக்கிச் சறுக்க, தள்ளியவர்கள் சிதறினார்கள். ஜேபஸ் மட்டும் விலகவில்லை. தன் மூட்டையை அவிழ்த்து வண்டிச் சட்டத்துக்கு அடியில் திணித்து, தோளையும் கொடுத்து நின்றான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? கயித்த முடிங்கடா!"

முடிச்சுப் போட்டார்கள். இழுத்தார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடிசைக்காரர்கள் பனியைத் தோண்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். பக்கத்தில் முகாமிட்டிருந்த பென்சில்வேனியாப் படைக்காரர்களும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். உச்சியில் வண்டி ஏறி நின்றதும் எழுந்த ஆரவாரம் குடிசை குடிசையாகப் பரவி, எதிர்மலை முகாமிலிருந்தும் பதில் ஆரவாரம் வந்தது. பினியஸ் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணில் வழிந்தது கன்னத்திலேயே உறைந்தது, அவர் துடைக்கவில்லை.

சாயங்காலம் கல்லில் சுட்ட ரொட்டி வாசனை மலை முழுக்க அடித்தது. ஜேபஸ் வாய் நிறைய மென்றுகொண்டே பினியஸிடம் வந்தான்.

"மில்லுல இன்னும் ரெண்டு வண்டி நிக்குதாம் சார்ஜென்ட். விடிஞ்சதும் போயிடலாமா?"