வளைவில் ஏறிய முந்நூறு கொப்பு

எடித் விடியுமுன்னே குரோட்டன் கொப்புகளை வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, நிழலில் வைத்துவிட்டுத்தான் முழுகப் போனாள். மஞ்சள், சிவப்பு, செம்பு நிறங்களில் முந்நூறு கொப்பு. கொழும்பில் பூச்செண்டு கட்டுகிற கடையின் லொறி பதினொரு மணிக்கு உயிலங்குளம் சந்திக்கு வரும். முதல்முறையே சரக்குக் குறைந்தால் மறுமுறை அந்தப் பக்கம் நிறுத்தமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். புருசன் கிறகரி கடல் தொழிலை விட்டபோது கொண்டுவந்த பழைய வலைகளை மூன்று மடிப்பாகக் கட்டி, இரண்டு வருடமாக நிழல் கொடுத்து வளர்த்த செடிகள்.

அன்றைக்கென்று பார்த்துத் தோட்டத்தைத் திறந்துவைக்க விவசாயக் கந்தோரின் பணிப்பாளர் வருகிறார். வேலியே இல்லாமல் இரண்டு வருடமாகத் திறந்து கிடக்கிற தோட்டம் அது.

முழுகிவிட்டு வந்தவள் வாளிகளைப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் இருந்தது. கொப்புகள் வாசலில், வரவேற்பு வளைவில் இருந்தன.

“தம்பி பெனடிக்ற், என்ன வேலை பார்த்தனீங்கள்?”

கந்தோர் உத்தியோகத்தன் பெனடிக்ற் கழுத்துப்பட்டியோடு ஏணியால் இறங்கினான். “வளைவுக்கெண்டு வெட்டி வைச்சிருந்தியள். நாங்களே கட்டிப்போட்டம் அக்கா. இன்னும் கொஞ்சம் காணாது.”

“அது கொழும்புக்குப் போற சரக்கு!”

“ஐயாவும் கொழும்பிலயிருந்துதானே வாறார். கூட்டம் முடியக் கழட்டலாம்.”

இலை என்பது பெரிய மனிதர்களை வரவேற்பதற்கு. அதை விற்கலாம் என்பதைக் கந்தோர் பயிற்சி வகுப்பில் மட்டுமே நம்பும்.

ஒன்பது மணிப் பணிப்பாளர் பத்தேகாலுக்கு வந்தார். வெள்ளைச் சேட், வெள்ளை லோங்ஸ். படம் எடுக்கத் தோதாக வளைவுக்குக் கீழேயே நின்றுகொண்டார். “இலை என்பது வெறும் இலையல்ல” என்று தொடங்கினார். கால் மணி நேரம் கழித்தும், அது வேறு என்னவென்று சொல்லவில்லை.

“கழட்டுவமே?” என்று கிறகரி கிசுகிசுத்தான்.

“பேச்சு முடியட்டுமாம்.”

“உது முடியாதடி. கரைவலை மாதிரி, இழுக்க இழுக்க வருது. மீனைத்தான் காணேல்ல.”

வளைவில் செருகுவதற்காகப் பெனடிக்ற் கொப்புகளின் அடியை மறுபடி சீவியிருந்தான். சீவினால் பால் வடியும், அது நிற்கும்வரை தண்ணீரில் வைக்கவேண்டும் என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் அவனுடைய உத்தியோகம்.

எடித் எழுந்து நேரே போனாள். பெனடிக்ற் குறுக்கே ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். அவள் சுற்றிப் போனாள்.

“ஐயா, குறை நினையாதேங்கோ. குரோட்டன் பால் உங்கட சேட்டில சொட்டுது.”

“பரவாயில்லை அம்மா. இயற்கைதானே!”

“காய்ஞ்சால் மண்ணிறக் கறை ஐயா. எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது.”

பணிப்பாளர் ஒரே பாய்ச்சலில் இயற்கையை விட்டு வெளியே வந்தார். “கழட்டுங்கோ உதை! உடனே கழட்டுங்கோ!”

கிறகரியின் விரல்கள் முடிச்சுகளுக்குப் பழகியவை. கூட்டமும் கதிரைகளை விட்டு எழுந்து வந்து உதவியது. அந்தப் பேச்சுக்கு முன்னால் எந்த வேலையும் இனிமையானதுதான். கொப்புகளோடு வாளிகள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறின. பணிப்பாளர் வெறும் தடிகளிலிருந்து பத்தடி தள்ளி, வெயிலில் நின்று பேச்சைத் தொடர்ந்தார்.

சந்தியில் லொறிக்காரன் ஒரு கொப்பை உதறிப் பார்த்தான். இலை விழவில்லை. “அடுத்த வியாழனும் வெட்டி வையுங்கோ” என்றான்.

அடுத்த மாதம் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்தது: இனி வரவேற்பு வளைவுகளுக்குப் பிளாஸ்ரிக் இலைகளையே பயன்படுத்தவும். எடித் அதை வாளிகளுக்கு மேலே, எவர் கண்ணிலும் படும்படி ஆணியடித்து மாட்டினாள்.