ரூபனின் பழைய வழக்கு

மேற்கு டெக்ஸஸின் அந்தச் சிற்றூரில் செவ்வாய்க்கிழமை மாலை கூடும் நீதிமன்றத்தில், நீதிபதி ஓடெல் அம்மாள் ஒருவர்தான் பெரியவர். வக்கீல்களும் ஜூரிகளும் பள்ளிப் பிள்ளைகள். முதல்முறை தப்புச் செய்து ஒப்புக்கொண்ட பிள்ளைகளுக்குத் தண்டனை விதிப்பது அவர்கள்தான்.

லெனோர் மூன்று வருடமாக அரசுத் தரப்பில் வாதாடுகிறாள். ரூபன் பராஸா அங்கே முதலில் வந்தது வக்கீலாக அல்ல; பள்ளிச் சுவரில் பெயின்ட் அடித்துப் பிடிபட்டு வந்தான். அன்று அவனுக்கு எதிராக வாதாடியவளே லெனோர்தான். நாற்பது மணி நேரம் ஊர் வேலை, நான்கு முறை ஜூரியில் உட்கார வேண்டும் என்று தீர்ப்பானது. நான்கு முறை முடிந்தும் அவன் போகவில்லை. பயிற்சி எடுத்து, பிடிபட்ட பிள்ளைகளுக்காகப் பேசும் எதிர்த்தரப்பு வக்கீலாகிவிட்டான்.

அடுத்த வருடம் ஒரு செவ்வாய் மாலை ஓடெல் அம்மாள் அறிவித்தார்: பிள்ளை வக்கீல்களின் மாநிலப் போட்டிக்கு இந்த ஊரிலிருந்து ரூபன் போகிறான். எல்லோரும் கைதட்டினார்கள். லெனோரும் தட்டினாள். அந்த இடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தாள்.

அன்றைய வழக்கு பதின்மூன்று வயது டெஸ்ஸாவுடையது. கடையில் தோடு திருடியவள். ரூபன் எழுந்து நிதானமாகப் பேசினான். ஜூரிகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முறை வந்தபோது லெனோருக்கு வாய் நிற்கவில்லை.

"இவர் இரக்கப்படாம இருப்பாரா? போன வருஷம் இதே நாற்காலில குற்றவாளியா உக்காந்தவர்தானே."

ஒரு வழக்கில் கேட்டதை அதற்குப் பிறகு எங்கேயும், இன்னொரு வழக்கிலும்கூட, சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்திருந்தார்கள்.

அதுவரை தலை நிமிராத டெஸ்ஸா ரூபனைப் பார்த்தாள். "நிஜமாவா? நீங்களா?"

"ஆமா. உன்ன மாதிரியே அழுதேன். மூக்கு வேற ஒழுகிச்சு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகுதான் ஜூரி கேட்டதற்கெல்லாம் வாய் திறந்து பதில் சொன்னாள். லெனோர் முப்பது மணி நேரம் கேட்டாள், கிடைத்தது பன்னிரண்டு.

எல்லோரும் போன பிறகு ஓடெல் அம்மாள் அவளைக் கூப்பிட்டார். "புதுசா வர்றவங்களுக்கு உறுதிமொழி சொல்லித் தர்றதே நீதான், லெனோர். இந்த வருஷம் முழுக்க நீ இங்க வர வேண்டாம்."

வாசல் படியில் ரூபன் நின்றிருந்தான். "உன்ன நீக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிப் பாத்தேன். ஓடெல் அம்மா கேக்கல."

"எனக்காக நீ ஒண்ணும் பேச வேண்டாம்."

இரண்டு படி இறங்கியவள் நின்றாள். "நான் சொன்னது தப்பு."

"தெரியும்."

"உன்மேல எனக்குப் பொறாமை."

"அதுவும் தெரியும்," என்றான் அவன், கோபமே இல்லாமல். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும். போட்டியில் ஜெயித்து வா என்று சொல்ல நினைத்தாள். சொல்லாமலே காருக்குப் போய்விட்டாள்.