சத்தம் வராத பாடம்

தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்கும் கடையில் அவன் காவலாளி. மதியத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்தால் வாசலை விட்டு உள்ளே வந்து நிற்க மேலாளர் விட்டிருந்தார். சுவர் முழுக்கப் பதினாறு திரைகள். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடும். ஒன்றிலும் சத்தம் இருக்காது. கடையில் போடும் பாட்டுக்கு இடைஞ்சலாம்.

நாலு மணிக்கு ஒரு நிகழ்ச்சி வரும். அடங்காத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண் போவாள். கத்துகிற பிள்ளையை மூலையில் உட்காரவைப்பாள். எழுந்து ஓடினால் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைப்பாள். கடைசியில் மண்டியிட்டு, அதன் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைப்பாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அவள் கை ஓங்கி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

வீட்டில் அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். வாண்டு என்று கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவள் கையில் இருப்பது பறக்கும். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால், அவனுக்கும் வாய்க்கு முன்னால் கைதான் போகும். போன வாரம் அறைந்த அறையில் நாலு விரலும் அவள் கன்னத்தில் பதிந்துவிட்டன. மறுநாள் பள்ளியில் விடப்போனபோது ஆசிரியை அந்தக் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு அவன் கையைப் பார்த்தாள். அன்றிலிருந்துதான் நாலு மணி நிகழ்ச்சியை அவன் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை வாண்டு தட்டை வீசினாள். அவளைத் தூக்கிப்போய், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்காரவைத்தான். எழுந்து ஓடினாள், கொண்டுவந்தான். பதினேழு தடவை. வாயே திறக்கவில்லை. திரையில் அந்தப் பெண்ணின் உதடு அசைவதை அவன் பார்த்திருந்தான். என்ன சொல்கிறாள் என்று தெரியாததால் அதை மட்டும் விட்டுவிட்டான். பிறகு மண்டியிட்டு மகளை உற்றுப் பார்த்தான்.

"என்னங்க இது, புலி பதுங்குற மாதிரி?" என்றாள் மனைவி.

வாண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கன்னத்தையும் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஏதாவது பேசுப்பா. அடிக்கணும்னா அடிச்சிடு."

அவன் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினான். கழுவிய தட்டையே இன்னொரு தடவை கழுவினான்.

மறுநாள் விற்பனைப் பிரிவில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னான். அவளும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். மேலாளர் வங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஓரத்துப் பெட்டியில் ஒலியைக் கூட்டிவைத்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். பெரிய மந்திரம் எதுவும் இல்லை. நீ இதைச் செய்தாய், அதனால்தான் இங்கே உட்காரவைத்தேன் என்றாள் திரையில் இருந்த பெண். ஏன் செய்தாய் என்று கேட்டாள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாண்ணே. நமக்குத்தான் வாயில வராது."

சனிக்கிழமை செருப்பு பறந்தது. முக்காலியிலிருந்து வாண்டு நாலு தடவைதான் எழுந்தாள். அவன் மண்டியிட்டான்.

"செருப்பை எறிஞ்ச. அதான் இங்க உக்கார வெச்சேன். ஏன் எறிஞ்ச?"

"விரல் வலிக்குது. சொன்னா யாரும் கேக்கல."

காலைப் பிடித்துப் பார்த்தான். சுண்டுவிரல் சிவந்து தோல் உரிந்திருந்தது. செருப்பு சின்னதாகிவிட்டது யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும் பாடத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"சரி, மன்னிப்பு கேளு."

வாண்டு யோசித்தாள். "நீ என்னை அறைஞ்சல்ல? அதுக்கு நீ கேட்டியா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இதற்குத் திரையில் வரும் பெண் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரியாது.

"கேக்கல," என்றான். அவள் காலைப் பிடித்தபடியே, "தப்புதான்மா. அப்பா இனிமே அடிக்க மாட்டேன்," என்றான்.

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. தானும் இனி எறிய மாட்டேன் என்றாள். எழுந்திருக்கலாமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போய் ஓர் அளவு பெரிய செருப்பு வாங்கினார்கள்.

அவள் சொன்ன சொல் செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது. அன்று பென்சில் டப்பா பறந்தது. அவன் கையும் பாதிவரை எழுந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. வாண்டு தானே போய் முக்காலியில் உட்கார்ந்து, ஏன் எறிந்தாய் என்று அவன் வந்து கேட்கட்டும் எனக் காத்திருந்தாள்.