நெஞ்சில் தெரிந்த அடி

"நான் அப்பவே சொன்னேன் மாப்ள, இது நெஞ்சு சமாச்சாரம்தான்" என்று மாமனார் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். மருமகன், லிஃப்ட் மெக்கானிக், வேலைக்குப் போட்டுக்கொண்டு போன அதே சட்டையில் உட்கார்ந்திருந்தான். முழங்கை வரை கிரீஸ் கறை.

காலையில் அவன் மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "தலை வெடிக்குதுங்க" என்று போனில் சொன்னாள், அதோடு பேச்சு நின்றுபோனது. மூளையை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் புடைத்து வெடித்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. அதற்குள் ரத்தப் பரிசோதனையும் வந்துவிட்டது. இதயம் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற அளவு ஒன்று இருக்கிறதாம், அது கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. நர்ஸ் அதைச் சொல்லி வாயை மூடுவதற்குள் மாமனார் பாதி டாக்டர் ஆகிவிட்டார். முன்பு அவருக்கே மாரடைப்பு வந்து இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அன்று மென்று விழுங்கிய மாத்திரைதான் தன்னைக் காப்பாற்றியது என்பது அவர் நம்பிக்கை. அந்த மாத்திரை அட்டை இல்லாமல் அவர் வாசல்படி தாண்டியதில்லை.

"இதுல ஒண்ணு உள்ள போனா பாப்பா எழுந்து உக்காந்துருவா. கேட்டா விடமாட்டேங்கறாங்க."

டாக்டரம்மா வெளியே வந்ததும் அவரிடமும் அட்டையை நீட்டினார். அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கு வந்தது இதயத்துலயே அடைப்பு. உங்க பொண்ணுக்கு அப்படித் தெரியல. தலையில வெடிச்சப்போ மூளை உடம்பு முழுக்க ஒரு அதிர்ச்சிய அனுப்பியிருக்கு. அத இதயம் வாங்கிக்கிச்சு. தசை நொந்து ரத்தத்துல கசிஞ்சதத்தான் நாங்க அளந்தோம். நீங்க வெச்சிருக்கறது ரத்தத்த உறையவிடாத மாத்திரை. தலையில இன்னும் ஓட்டை இருக்கு."

மாமனார் அட்டையைப் பைக்குள் போட்டார். போட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"இன்னிக்கே தொடை வழியா குழாய் விட்டு அந்த ஓட்டைய அடைக்கணும்" என்று டாக்டரம்மா இவன் பக்கம் திரும்பினார். "இதயம் சோர்ந்திருக்கு, மயக்க மருந்தத் தாங்குமான்னு உறுதியா சொல்ல முடியாது. காத்திருந்தா மறுபடி வெடிக்கலாம். அது இதவிட மோசம்."

"நெஞ்ச முதல்ல சரி பண்ணுங்கம்மா" என்றார் மாமனார். "அது நின்னுபோனா தலைய வெச்சுக்கிட்டு என்ன செய்யறது?"

 லிஃப்ட் என்றால் மருமகன் ஆட்களை இறக்கிவிட்டு, மின்சாரத்தை அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் கை வைப்பான். இங்கே அணைக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கை வைக்க வேண்டும்.

"பண்ணிடுங்க டாக்டர்" என்றான்.

"மாப்ள!"

"இருங்க மாமா. ஏதாவது ஆச்சுன்னா என்னத் திட்டுங்க."

மாமனார் திட்டவில்லை. எழுந்து போய் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், இவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

உள்ளே ஒருமுறை ரத்த அழுத்தம் சரிந்து, மருந்து கொடுத்துத் தூக்கினார்களாம். ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அந்த இதய அளவு இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. மாமனார் இவன் வாங்கிவந்த டீயைத் தொடவில்லை. மறுநாள் காலை டாக்டரம்மா தானாகவே தேடிக்கொண்டு வந்தார்.

"இறங்க ஆரம்பிச்சிருச்சு. இதயம் மெல்லத் தேறுது. ஆனா எப்போ கண்ணு முழிப்பாங்கன்னு இந்த ரத்தம் சொல்லாது."

அவன் தாழ்வாரத்தின் கோடிக்குப் போனான். "மாமா, இறங்கிடுச்சாம்."

கிழவர் மூக்கை உறிஞ்சினார். "டீ இருக்கா?" என்றார்.

இருவரையும் சேர்த்தே உள்ளே விட்டார்கள். அவள் மூச்சுக்குழாயும் மூடிய கண்களுமாகக் கிடந்தாள். மாமனார் முகத்தைப் பார்க்காமல் திரையில் ஓடும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது போர்வைக்குள் அவளுடைய இடது கால் மடங்கி, போர்வையை உதைத்துத் தள்ளியது. மாமனார் குனிந்து இழுத்து மூடினார். கால் மறுபடி தள்ளியது. அவர் மறுபடி மூடினார்.

"விடுங்க மாமா, அவளுக்குப் புழுங்குது போல" என்றான் அவன்.

கிழவர் போர்வையின் நுனியைப் பிடித்தபடி, அந்தக் கால் இன்னொரு முறை அசையுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.