மெத்தையின் முதுகு

சேணத்தை இறுக்கிக் கட்டி ஏறி உட்கார்ந்து பத்தடி கூடப் போகவில்லை. சேணக்காரர் மூன்றாவது தடவையாகச் சேணத்தோடு பக்கவாட்டில் சரிந்து வைக்கோலில் விழுந்தார். குதிரையின் பெயர் மெத்தை. அது திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் தொப்பியை முகர்ந்தது.

வேலியில் சாய்ந்து நின்ற அவருடைய அக்கா சிரிக்கவில்லை. குதிரையேற்றப் பள்ளி அவளுடையது. நாளைக் காலை பிள்ளைகள் முதல் பாடத்துக்கு வருகிறார்கள்.

"விழுந்தது நீ, பரவாயில்ல. ஒரு குழந்தை விழுந்தா? சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற கடைக்குப் போயிடுவேன். கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன்."

"ரெண்டு தடவ கூடுதலா பஞ்சு வச்சேன்கா. இன்னும் மோசமாத்தான் சரியுது."

"சேணத்துக்குள்ள வச்சியா, உன் மண்டைக்குள்ள வச்சியா?"

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டறைக்குப் போய் அளவுப் பலகையை எடுத்து வந்தார். குதிரையின் முதுகுக்குக் குறுக்கே வைத்துப் பார்க்கும் வளைவான பலகை அது. முதலில் மின்னல் என்ற குதிரைக்கு வெட்டியது. அதன் மகளுக்கும் பேத்திக்கும் அதே பலகைதான். பேத்தியின் சேணம் லேசாக ஆடியபோது வாரை இறுக்கிச் சமாளித்தார். ஒரே குடும்பம், ஒரே அளவு என்பது அவர் கணக்கு. மெத்தை, மின்னலின் கொள்ளுப்பேத்தி.

பலகை மெத்தையின் மேல் படியவில்லை. இரண்டு நுனிகளும் விலாவில் குத்தி நின்றன. நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

"அக்கா, இவ அம்மாவ எதப் பாத்து வச்சுகிட்ட?"

"அகல முதுகு. பசங்களுக்கு சோபாவுல உக்காந்த மாதிரி இருக்கும்."

"பாட்டிய?"

"அதேதான். ஒவ்வொரு தடவையும் அகல முதுகுள்ள ஆண் குதிரையா ஊரெல்லாம் தேடியில்ல சேத்தேன்! ஒல்லி முதுகு குட்டியெல்லாம் வித்துட்டேன்."

சேணக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மின்னலுக்குக் கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் கூரை முகடு போல ஒரு மேடு உண்டு. சேணம் அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். அக்கா அகலத்தைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, அவள் கேட்காமலே அந்த முகடும் தலைமுறைக்குத் தலைமுறை தாழ்ந்துவிட்டது. மெத்தைக்குக் கூரையே இல்லை, மொட்டை மாடிதான்.

"அப்ப தப்பு என் மேலயா?" என்றாள் அக்கா.

"பாதி. மீதி என் மேல. குதிரையப் பாக்காம பலகையப் பாத்தேன். ஷூ சின்னதா இருக்குன்னு தடி சாக்ஸ் மாட்டிவிட்ட மாதிரி பஞ்ச வேற திணிச்சேன்."

வளையும் ஈயக்கம்பியை மெத்தையின் முதுகில் படிய அழுத்தி, அந்த வளைவை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். வண்டிக் குதிரையின் சேணத்துக்குள் வைக்கச் செய்து வைத்திருந்த மரச்சட்டம் ஏறக்குறைய அதே வளைவு. மிச்சத்தை இழைத்துச் சரிசெய்தார்.

சாயங்காலம் அக்காவே ஏறினாள். ஓடவிட்டாள், வெடுக்கென்று திருப்பினாள், வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தாள். கூடுதல் பஞ்சை எடுத்துவிட்டு, பழையதைவிட மூன்று விரற்கடை அகலமான அந்தச் சட்டத்தை உள்ளே வைத்திருந்த சேணம் அசையாமல் நின்றது.